குறுக்குப் பாதையில் ஒரு சீப்பு இதரைப்பழம்

டொக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். சீனி கூடவாம், பிரஷரும் கூடவாம். இதைக் கேள்விப்பட்ட மகள் கனடாவிலிருந்து கைக்குக் கட்டிக்கொள்ள ஒரு மணிக்கூடு அனுப்பினாள். நேரம் காட்டுவதோடு அது நிற்பதில்லை. நான் வைக்கும் அடிகளை எண்ணுகிறது. கதிரையில் கொஞ்சம் கூட நேரம் இருந்துவிட்டால் கையில் நடுங்கிக் காட்டுகிறது. அறுபத்துநாலு வயதில் மணிக்கூட்டுக்குப் பயந்து நடக்கிற ஆளாகிவிட்டேன், என்ன செய்வது.

போன கிழமை ஒருநாள் காலை, மீசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாய்ப் போட்ட கொங்கிறீட் ஒழுங்கையால் நடந்துகொண்டிருந்தபோது பனம்பழ மணம் வந்தது. அந்த மணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல? பிடித்தவர்களுக்கு வாசம், பிடிக்காதவர்களுக்கு நாற்றம், அவ்வளவுதான். மதிலுக்கு மதில் சீமெந்தாய் இருக்கிற இடத்தில் பனம்பழம் எங்கிருந்து வந்தது என்று மூக்கு போன வழியே போனேன். ஒரு வளவு மூலையில் ஒற்றைப் பனை நின்றது. அதற்கடியில் பளிங்குக் கல் பதித்து, ஒலிபெருக்கி கட்டிய சின்னக் கோயில். சூலத்தைப் பார்த்ததும்தான் நிற்கிற இடம் பிடிபட்டது. அது எங்கள் வைரவரடி.

அந்த நாளில் மீசாலையிலிருந்து கொடிகாமத்துக்குக் கண்டி வீதியால் போகலாம். இல்லாவிட்டால் பனைகள் அடர்ந்து நின்ற பனங்கூடலுக்குள்ளால் போகலாம். கூடலுக்குள்ளால் போகிற ஒற்றையடிப் பாதையைக் குறுக்குப் பாதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது வீதியைவிட அரை மைல் கூட. கோதாரி, அதற்குக் குறுக்குப் பாதை என்று பெயர் வைத்தவன் அதில் ஒருநாளும் நடந்திருக்க மாட்டான். கால் புதைகிற மணல், ஈச்சம்பற்றை, நாகதாளி முள். காற்றடித்தால் காய்ந்த காவோலைகள் உரசி, பின்னால் யாரோ வருகிற மாதிரிச் சத்தம் போடும். நான் முதல் வாரம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்தேன்.

பிறகு ஏன் சனம் அதால் போனது என்கிறீர்களா? கண்டி வீதியால் போனால் கடைவாசலில், பஸ் தரிப்பில், தண்ணீர் அள்ளுகிற குழாயடியில், பத்துப் பேராவது "எங்கை, தூரமோ?" என்று கேட்பார்கள். சாதகம் பொருத்தம் பார்க்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், காணிப் பேச்சுக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கூடலுக்குள் இறங்கினார்கள். கலியாணப் பேச்சு வெளியில் தெரிந்தால் மொட்டைக் கடிதம் போட என்றே ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. அதனால் கூடலுக்குள் ஒரு மரியாதை. எதிரே யார் வந்தாலும் எங்கே என்று கேட்கக் கூடாது. "வெய்யில் ஏறுது" என்று ஒருவர் சொல்வார். "ஓம், ஏறுது" என்று மற்றவர் சொல்வார். மழைக்காலத்திலும் அதைத்தான் சொன்னார்கள். கதை அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொடிகாமத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர் வேலை. சைக்கிள் வாங்க வழியில்லை. கண்டி வீதியால் நடந்தால் அதற்கும் கேள்வி வரும் என்று கூடலுக்குள்ளாலேயே நடந்து போய் வந்தேன். என்னைப் பெற்ற ஐயா கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிளாக்கர் என்றால் பெரிய துரை என்று நினைக்காதீர்கள். இருந்தது ஒரு நல்ல நீலச் சேட்டு, கையில் பித்தளைத் தூக்குச்சட்டி. காலில் பாட்டா செருப்பு, இடது செருப்புக்கு நீல வார், வலதுக்குப் பச்சை வார். அறுந்ததற்குக் கடையில் கிடைத்த வாரைப் போட்டேன். அதைப் பார்த்து அக்கா சிரிக்காத நாளில்லை.

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு. ஐயா இல்லாத வீட்டில் அந்த வயது என்றால் அம்மாவுக்கு நித்திரை வராது. அந்த ஆவணியில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வாத்தியார், வரணிப் பக்கம். சாதகமும் பொருந்தியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவைப் பார்க்க வருவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வியாழன் முழுக்கப் பயத்தம் பணியாரம் சுட்டாள். அக்கா முதல் நாளே தோய்த்த என் நீலச் சேட்டை வெள்ளி காலை பெட்டி போட்டு மினுக்கித் தந்து, "பின்னேரம் வேளைக்கு வா, தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று காலை நான் வைரவரடிக்கு வந்தபோது எட்டு மணி இருக்கும். வைரவர் அப்போது வெறும் கல்லும் சூலமும்தான். பக்கத்துப் பனைநிழலில் மூன்று பேர் இருந்தார்கள். வயதான தாய் தகப்பன், பக்கத்தில் மடிப்புக் கலையாத வேட்டி கட்டிய ஒரு மாமா. தாயின் மடியில் ஓலைப்பை, அதற்குள் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் தெரிந்தது.

நான் முறைப்படி, "வெய்யில் ஏறுது" என்றேன்.

அவர்கள் வெளியூர்க்காரர், எங்கள் முறை தெரியாது. "தம்பி, உதாலை போனால் மீசாலை வருமோ?" என்று தகப்பன் கேட்டார்.

"ஓம், வரும். நேரை போங்கோ."

"தம்பியும் அங்காலை ஆளோ?"

"ஓம்."

தாய் எழுந்து கிட்ட வந்தார். "அப்ப மோனை, தபாற்கந்தோர்க் கந்தையாவின்ரை வீட்டுக்காரரைத் தெரிஞ்சிருக்கும். அவரின்ரை மூத்த பெட்டை விசயமாய்த்தான் வந்தனாங்கள். ஆக்கள் எப்பிடி? பெட்டை எப்பிடி?"

கந்தையா என் ஐயா. பெட்டை என் அக்கா. பின்னேரம் வருகிறவர்கள் காலையிலேயே வந்து ஊரில் விசாரிப்பது வழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் விசாரணை என்னிடமே வரும் என்று யார் கண்டது? நான்தான் தம்பி என்றால் அந்த மனுசிக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். சொந்த அக்காவை நானே புகழ்ந்தால், பிறகு வீட்டில் என்னைக் கண்டதும் பொய்க்காரன் என்று நினைப்பார்கள். வீட்டுக் கதை வெளியில் கதைக்காதே என்று அம்மா சொல்லி வளர்த்ததும் நினைவுக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து வியர்த்துப் போய், காவோலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னேன்: "எனக்கு அவ்வளவாத் தெரியாதம்மா."

எவ்வளவு பண்பாக நடந்துகொண்டேன் என்று கொடிகாமம் வரை எனக்கு ஒரே பெருமை.

மத்தியானம் சோறு தின்கிற நேரம், சங்கத்தில் மா நிறுக்கிற மணியண்ணைக்கு இதைச் சொன்னேன். எனக்கு என்று சொல்லவில்லை, ஒரு சிநேகிதனுக்கு நடந்ததாகச் சொன்னேன். மணியண்ணை கையிலிருந்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"உன்ரை சிநேகிதனுக்கு விசரே? அவ்வளவாத் தெரியாதெண்டால் என்ன அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் கலியாண விசாரணைக்கு யாரும் வாய் திறந்து கூடாதது சொல்வதில்லை. நல்ல இடம் என்றால் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, தங்கமான ஆக்கள் என்று ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். ஏதாவது கோளாறு இருந்தால், எங்களுக்கு அவ்வளவாத் தெரியாது என்று ஆகாயத்தைப் பார்ப்பார்கள். கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து கண்ட வழக்கம் இது. நான் ஆகாயத்தையும் சேர்த்தே பார்த்திருந்தேன்.

"ஓடிப்போய் அவையைப் பிடிக்கச் சொல்லு உன்ரை சிநேகிதனை" என்றார் மணியண்ணை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிநேகிதன் யார் என்பது விளங்கியிருந்தது.

வயிற்றுக்குத்து என்று மனேச்சரிடம் பொய் சொல்லிவிட்டு ஓடினேன். மணலுக்குள் பச்சை வார் கழன்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வைரவரடியில் ஒருவரும் இல்லை. கல்லுக்கு முன்னால் அந்த இதரைச் சீப்பு இருந்தது. கொண்டுபோக வீடு இல்லாமல் போனதால் வைரவருக்கு வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

வீட்டில் அக்கா சேலை கட்டி இருந்தாள். அம்மா படலைக்கும் குசினிக்குமாக நடந்தாள். விளக்கு வைக்கும் வரை காத்திருந்தார்கள். அடுத்த கிழமை முழுக்க அந்தப் பணியாரத்தை நான்தான் தின்றேன். 

பிறகும் இரண்டு மூன்று இடம் வந்தது, சரிவரவில்லை. பிறகு சண்டை, இடப்பெயர்வு. அக்கா தையல் சொல்லிக் கொடுத்தாள், எங்களோடேயே இருந்தாள். அம்மா போனாள். கூடலும் போனது. முதலில் மரங்கள் தறிபட்டுப் பங்கருக்குப் போயின. மிஞ்சியவை ஷெல் பட்டுத் தலையில் ஓலை வட்டில்லாமல் நின்றன. பிறகு மிதிவெடிப் பலகை நட்டார்கள், பிறகு அதைப் பிடுங்கிவிட்டுக் காணித்துண்டு விற்கிற பலகை நட்டார்கள். இப்போது பெண் பார்க்கிறவர்கள் போனில் படம் பார்த்து, போனிலேயே விசாரித்து முடித்துவிடுகிறார்கள். தங்கமான ஆக்கள் என்று ஒரு மணித்தியாலம் கதைக்க நான் எப்போதும் தயாராக இருக்கிறேன். வந்து கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

போன கிழமை அந்த ஒற்றைப் பனையடியில் கிடந்த பழத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பேரப்பிள்ளை பார்க்கக் கனடா போயிருக்கிறாள். அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உது எங்காலை?"

"வைரவரடியிலை."

அவள் பழத்தை வாங்கி மணந்து பார்த்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாய் கேட்டது, நான் அண்ணாந்து பார்த்தது, இதரைச் சீப்பு, எறும்பு, எல்லாம். கையிலிருந்த மணிக்கூடு நடக்கச் சொல்லி நடுங்கியது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"எப்பிடி?"

"ரெண்டு நாளிலை தரகர் வந்தவர். அம்மா அப்ப கோயிலுக்குப் போயிருந்தவ. கூடலுக்கை ஒரு பெடியனைக் கேட்டவையாம், அவன் தெரியாதெண்டிட்டானாம். நீலச் சேட்டாம், தூக்குச்சட்டியாம், ஒரு வார் நீலமாம், மற்றது பச்சையாம்." மிளகாயை ஒருக்கால் கிளறிவிட்டாள். "அப்பிடிச் செருப்பு ஊரிலை வேறை ஆரிட்டை இருந்தது?"

"அம்மாட்டை ஏன் சொல்லேல்லை?"

"உன்னைக் கொன்றிருப்பா."

"என்னட்டையாவது கேட்டிருக்கலாமே, அக்கா."

"கேட்டு? நீ சொன்னதும் பொய்யில்லைத்தானே, தம்பி. என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் காணாது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அந்த வாத்தியார் சம்பந்தம் அவளுக்குப் பிடித்திருந்ததா என்று நாற்பத்திரண்டு வருடமாக நான் கேட்கவில்லை. கேட்க வாய் திறந்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், பனம்பழத்தைக் குசினிப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டே சொன்னாள்:

"வெய்யில் ஏறுது."

அதற்கு மறுமொழி தெரிந்தவர்கள் ஊரில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஓம்" என்றேன். "ஏறுது."