இறங்கிப் பார்த்தவள்

லாரியின் முன்பக்கத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். அதன் முதுகை அவள் அளவுக்குப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. காலையில் அழுக்குத் துணி லாரி சந்துக்குள் பின்னால் வரும்போது, "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிச்சு வாங்க, போதும்" என்று கைகாட்டுவது அவள் பொறுப்பு. மற்ற நேரமெல்லாம் ஆவி பறக்கும் இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து, இன்னொருத்தியோடு ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும்.

ஒருநாள் புது ஓட்டுநர் ஒருவர் அவள் கையைக் கவனிக்காமல் சுவரில் இடித்துவிட்டுப் பழியை அவள் தலையில் போட்டார். "இதுக்கு நானே ஓட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள் ஆத்திரத்தில். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தவர் போய்விட்டார், இவளால்தான் தன் வாயிலிருந்து வந்த பேச்சை விட முடியவில்லை. ஏன், ஓட்டினால் என்ன?

வீட்டில் சொன்னாள். கணவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். கூட்டம் தெரிந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம். "நாப்பத்திரெண்டு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். மாடியில் குடியிருக்கும் நாத்தனாரைக் கேட்க வேண்டுமா! "மாடிப்படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது. லாரியில என்ன அண்ணி, ஏணி வச்சு ஏறுவீங்களா?" என்றாள். ஒரே வாரத்தில் தெருவில் 'லாரியக்கா' என்று பெயர் விழுந்தது. லாரியின் கதவைக்கூடத் தொடவில்லை, அதற்குள் பட்டம்! பெயர் வந்துவிட்டது, வண்டியும் வரட்டும் என்று அவள் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. முதலில் கார், அப்புறம் சின்ன வண்டி, அப்புறம் லாரி. வேலை முடிந்த கையோடு, புடவையில் சோப்புத் தூள் வாசத்தோடு போய் நிற்பாள். பயிற்சி கொடுத்தவர் நல்ல மனுஷர்தான், வாய்தான் நல்லதில்லை. "கண்ணாடியப் பாத்து ஓட்டணும்மா. இறங்கிப் போய்ப் பாக்கிறவன் டிரைவரே இல்ல" என்பார், நாளுக்கு நாலு தடவை.

தேர்வு வந்தது. இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு நடுவே லாரியைப் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு அடி முன்னால் நிறுத்த வேண்டும். தேர்வுக்கு வந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் கம்பி வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாதி வழியில் அவளுக்குப் பின்பக்கம் சந்தேகமாக இருந்தது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, பஸ் ஸ்டாப் வந்துடுச்சா?" என்று ஒருத்தன் கத்தினான். வேலியே குலுங்கச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையோடு வந்திருந்த அவள் கணவரும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணீரில் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. கடைசிக் கம்பம் சாய்ந்தது.

"போனா போகுது விடு. நாமதான் முயற்சி பண்ணிப் பாத்துட்டோமே" என்றார் கணவர், பஸ்ஸில். நாமாம்! அவர் சிரித்ததைப் பார்த்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதிலும் தோற்றால் பயிற்சியில் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். அந்தப் பள்ளியில் நாற்பத்தைந்து ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து. அடுத்த தேர்வுக்கு இருந்த மூன்று வாரமும் தினம் காலையில் சந்தில் நின்று கைகாட்டியபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் இந்த ஓட்டுநர்கள் எல்லாம் அவள் கண்ணை வைத்துத்தானே ஓட்டினார்கள்? அவளுக்குப் பின்னால் நிற்க யாருமில்லை. அவளேதான் இறங்கி நிற்க வேண்டும்.

"இந்த வாட்டியும் நீங்க வரணும்" என்றாள் கணவரிடம். அவர் தயங்கினார். அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

தேர்வன்று அதிகாரியிடம் நேராகப் போய், "நடுவுல இறங்கிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"தாராளமா. எத்தனை வாட்டி வேணும்னாலும் பாருங்க. யாரும் கேக்கிறதே இல்ல" என்றார் அவர்.

முதல் தடவை இறங்கினாள். பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு ஏறினாள். வேலிப் பக்கம் சிரிப்பு கிளம்பியது. சிரிக்கட்டும், சிரிப்பால் கம்பம் சாயாது. இரண்டாம் தடவை இறங்கி இடைவெளியைக் காலடியால் அளந்தாள். "டேப்பு வேணுமாக்கா?" என்றது ஒரு குரல். அவள் நிதானமாக ஏறி இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தாள். முடிய இரண்டு முழம் இருக்கும்போது மூன்றாம் தடவையும் இறங்கினாள். இப்போது பயிற்சி கொடுத்தவரே தலையில் அடித்துக்கொண்டார். அவள் கதவோரம் ஒரு நொடி நின்றுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வண்டி நின்றது. அதிகாரி அளந்து பார்த்தார். சரியாக ஒரு அடி. ஒரு கம்பமும் அசையவில்லை.

கையெழுத்தான தாளோடு அவள் வேலியோரம் வந்தபோது, கணவர் சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார். "ரெண்டு வாட்டி பாத்தது சரி. மூணாவது வாட்டி நீ பின்னாடி போகவே இல்லையே, அப்புறம் எதுக்கு இறங்கின?"

"நீங்க சிரிக்கிறீங்களான்னு பாக்க" என்றாள் அவள். "சிரிச்சிருந்தாலும் ஓட்டியிருப்பேன்."