வால்வு பெட்டிமேல் காய்ந்த சாக்ஸ்

பாட்டுப் பெட்டிக்காகப் புருஷனை விட்டுப் போய்விட்டாளாம் என் மருமகள்! இப்படிச் சொல்ல ஊராருக்கு நாக்குக் கூசவில்லையா? தையல் ஆலையில் நாளெல்லாம் மெஷின் இரைச்சலைக் கேட்கிறவள் அவள். வீட்டிலாவது இதமாகப் பாட்டுக் கேட்க, அந்தக்கால ரேடியோ மாதிரி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி வாங்கினாள். அதற்குப் பொருந்தும் ஸ்பீக்கரையும் தேடிப் பிடித்தாள். பெட்டிமேல் பல்பு போல நிற்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்த பிறகுதான் பாட்டுப் போடுவாள். எனக்கும் பக்கத்தில் நாற்காலி போடுவாள்.

என் மகன் என்ன செய்தான் தெரியுமா? பெட்டி சூடாக இருக்கிறதே என்று, அரைகுறையாக அலசிய சாக்ஸை அதன்மேல் காயப்போட்டான். தண்ணீர் சொட்டி ஒரு வால்வு விரிசல் விட்டு அணைந்தது. சாக்ஸ் வெந்த நாற்றம் வீடெல்லாம் அடித்தது.

"என்னங்க இது?" என்றாள்.

"ஒரு பல்பு போனதுக்கு ஒப்பாரியா? துணி காயவாவது உதவுச்சேன்னு சந்தோஷப்படுடி" என்று பல் குத்திக்கொண்டே அடுத்த சாக்ஸையும் அதன்மேல் விரித்தான். சீ!

அவள் ஆத்திரப்பட்டு ஓடவில்லை. சாக்ஸை இரண்டு விரலால் எடுத்து அவன் மடியில் போட்டாள். பெட்டி ஆறும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை இடுப்பில் ஏந்தி எழுந்தாள்.

"வரேன் அத்தை."

"நட, ஸ்பீக்கரை நான் தூக்கிட்டு வரேன்" என்று கதவைத் திறந்துவிட்டேன்.