வவின்யா சொன்ன சோமா

கயோலே ஸ்டாப்பிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் மத்தாத்து வேன்களில் பெண் கண்டக்டர் வவின்யா ஒருத்திதான். கதவில் தொங்கிக்கொண்டு அவள் ஆள் கூப்பிட்டால், எதிரில் அவித்த முட்டை விற்கும் எனக்குக் காது அடைத்துவிடும். புருஷன் விட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளை அந்த வேலையில்தான் வளர்த்தாள். அவள் வண்டிக்கு டிரைவர் ஓகுமு, ஐம்பதை நெருங்கும் சாதுவான மனுஷன்.

ஒரு திங்கட்கிழமை, வண்டி ஸ்டாப்புக்குள் திரும்பும்போது கீரை மூட்டையோடு நின்ற பெண்ணை மயிரிழையில் இடிக்காமல் நின்றது. வவின்யா குதித்து இறங்கி டிரைவர் ஜன்னலுக்குப் போனாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, உன்னை சோமா பண்ணிடுவேண்ணே. சத்தியமா பண்ணிடுவேன்."

"மெதுவா பேசு தாயி," என்றார் ஓகுமு.

மெதுவாகப் பேச அவளுக்கு வராது. ஸ்டாப்பே கேட்டது. மறுநாள் காலையில் ஷெட்டில் நின்ற அந்த வேன் எரிந்து கரியாகிக் கிடந்தது.

எங்கள் பாஷையில் சோமா என்றால் எரிப்பது, சுடுவது. ஆட்டுக்கறியைத் தணலில் வாட்டுவதும் சோமா, ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதும் சோமா. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், நாலு பேர் முன்னால் ஒருத்தன் மானத்தை வாங்கினால் அதைச் சோமா என்றோம். இப்போது ஸ்டாப்பில் அதற்குப் போட்டுக்கொடுப்பது என்று அர்த்தம். ஆனால் வண்டி முதலாளி கதோகோ மலைப்பக்கத்துத் தேயிலை விவசாயி. அவருக்குத் தெரிந்தது நெருப்பு மட்டும்தான். யாரோ போய் அவள் சொன்னதைச் சொல்ல, அவர் நேரே போலீசுக்குப் போனார். அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் முட்டையும் டீயும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சார்ஜென்ட் செப்கோச் அவளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் இந்த ஊர்ல வளர்ந்தவதான்மா. போட்டுக்கொடுப்பேன்னுதான் சொல்லியிருப்ப. சரி, எதைப் போட்டுக்கொடுப்ப?"

வவின்யா தரையைப் பார்த்தாள்.

"சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா முதலாளி சொல்ற அர்த்தம்தான் நிக்கும்."

"அது என் விஷயம் இல்ல மேடம்."

சார்ஜென்ட் எழுந்து போனதும் நான் கேட்டேன். "கிறுக்கா உனக்கு? சொல்லித் தொலையேன்."

"நேத்துப் பயமுறுத்தத்தான் சொன்னேன். இப்போ வாயத் திறந்தா நெசமாவே சோமா பண்ணினவ ஆயிடுவேன். அந்த மனுஷனுக்கு ஸ்டியரிங்கை விட்டா வேற என்ன தெரியும்?"

திரும்பி வந்து ஓகுமுவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் குழாயில் முகம் கழுவினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வா, போகலாம்."

ஸ்டேஷனில் முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓகுமு அவர் முன்னால் போய் நின்று, பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு பேசினார்.

"மஸே, எனக்கு இடது கண்ணுல புரை. ஒரு வருஷமா அந்தப் பக்கம் வெறும் பனிதான். இவளுக்கு மட்டும் தெரியும். டாக்டர்கிட்ட போ போன்னு நச்சரிச்சா. நான் போகல. போகாட்டி உங்ககிட்ட சொல்லிடுவேன்னா. அதான் அந்த சோமா."

கதோகோவின் முகம் கறுத்தது. "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டா என் வண்டிய ஓட்டின?"

"ஆமா மஸே."

முதலாளி சார்ஜென்ட் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ண விட்டுடுங்கம்மா. எங்க ஊர்ல சோமான்னா கறி விருந்து. உங்க ஊர்ல லாக்கப்பு."

சார்ஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓகுமு சொன்னதை எழுதி வாங்கினார். வவின்யா வெளியே வந்தாள்.

"கண்ணு தெரியாம இவ்வளவு தூரம் எப்படிண்ணே வந்த?"

"இந்த முட்டைக்காரன் கையப் பிடிச்சுக்கிட்டு."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள். நாங்கள் அவள் ஓயும்வரை பக்கத்தில் நின்றோம்.

அந்த வாரமே மெக்கானிக் பேட்டரி வயர் உரசி உருகியிருந்ததைக் காட்டிவிட்டார். கேஸ் முடிந்தது. ஓகுமுவை கதோகோ இரண்டு நாள் வாய் ஓயாமல் திட்டினார். மூன்றாம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் புரையை எடுக்க வைத்தார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் புது வண்டியின் சாவி ஓகுமு கைக்கு வந்தது.

இப்போதெல்லாம் ஸ்டாப்புக்குள் திரும்பும்போதே அவர், இடது பக்கம் நிற்கும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்.