மோசெலில் நின்ற தண்ணீர்

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை மோசெல் ஆற்றோரமாகக் கார் ஓட்டியவர்கள் எல்லோரும் நிறம் மாறிய இலை பார்க்க வந்தவர்கள், எங்களைத் தவிர. ஓட்டியது நான். பின்னால் அண்ணா. எனக்குப் பக்கத்தில் அம்மா, மடியில் வெள்ளைத்துணி சுற்றிய செம்பு. செம்புக்குள் அப்பாவின் சாம்பல்.

ஜெர்மனியில் சாம்பலை வீட்டுக்காரர் கையில் தரமாட்டார்கள்; ஆற்றில் கரைக்கவும் விடமாட்டார்கள். அதனால் நாங்கள் இருக்கும் ஆஹெனிலிருந்து எல்லை தாண்டி, நெதர்லாந்தில் தகனம் செய்து வாங்கி வந்திருந்தோம். ஊரில் சாம்பல் கரைக்கும் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகலாமென்றால் அங்கே சண்டை, பாதை பூட்டு. அப்பா அகதியாக வந்தபோது, அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஜெர்மன்காரர் பல வருடம் மறித்து வைத்திருந்த மனிதர். "என்னைக் குழியில வைக்காதேங்கோ, ஓடுற தண்ணியில விடுங்கோ" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். அம்மாவுக்கு அதற்குமேல் வேறு பேச்சே இல்லை.

இரு பக்கமும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக்கொடி மஞ்சளாகிக் கிடந்தது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இறங்கக்கூடிய இடமெல்லாம் ஆள். ஓரிடத்தில் பழம் ஏற்றிய டிராக்டர், இன்னோரிடத்தில் வைன் விற்கும் கொட்டகை, வாத்தியக்காரர் வேறு.

"பிடிபட்டால் என்ர குடியுரிமையும் போச்சு," என்றார் அண்ணா, மறுபடியும்.

"அப்ப இறங்கி நடவுங்கோவன்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் பொலிஸ் கார் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. நான் வேகத்தைக் குறைத்தேன். அம்மா மேற்கோட்டைக் கழற்றிச் செம்பை மூடினார், குளிரில் நடுங்கும் குழந்தையை மூடுவதுபோல. ஒரு கிராமம் முழுக்க எங்கள் பின்னாலேயே வந்த அந்தக் கார், பாலத்தடியில் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

கடைசியில் மரங்கள் மறைத்த ஒரு கரை கிடைத்தது. அண்ணா கல்லில் இறங்கிச் சாம்பலைக் கரைத்தார், அம்மா செவ்வந்திப் பூக்களைப் போட்டார். கரைத்தபின் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். மூவரும் நேரே வந்து காரில் ஏறினோம்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். ஓட்டுகிறவள் பார்க்காமல் எப்படி எடுப்பது? பூக்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. சாம்பல் பாலாடைபோல மேலே படிந்து நின்றது. சற்றுக் கீழே ஆற்றை மறித்து ஓர் அணை, கப்பல்கள் கடக்கிற கதவுகள் பூட்டிக் கிடந்தன. ஆறென்றால் ஓடும் என்று நம்பி வந்தோம். இந்த ஆற்றைத் தட்டுத்தட்டாக மறித்து வைத்திருப்பதை மூவரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. வயதான தம்பதி ஒன்று நாயுடன் அந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தது.

"போயிட்டாரோ பிள்ளை?" என்றார் அம்மா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை அம்மா. நிக்கிறார். கீழ கதவு பூட்டு."

"திரும்பிப் பார்த்தனியோ?" என்று அண்ணா சீறினார். அதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு நேரே கரைக்குப் போய், பூக்களுக்கு முன்னால் நின்றார். நாங்களும் ஓடினோம். நாய் தண்ணீரை முகர்ந்தது. அந்தக் கிழவி பூவைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நாயை இழுத்துக்கொண்டு நடந்தாள். புருஷனையும் நிற்கவிடவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல் வந்தது. கதவு திறந்தது. கப்பல் உள்ளே போகப் போகத் தண்ணீர் அதன் பின்னால் இழுபட்டது. பூக்கள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டு நகர்ந்தன.

"இதுக்குப் பிறகும் இப்பிடிக் கதவு இருக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"கனக்க இருக்கும் அம்மா," என்றார் அண்ணா.

அம்மா மேற்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை. காத்திருந்து பழகின மனிசன்தானே."