குரங்கணியில் ஒரு ஹீப்ரு பலகை

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலுக்குப் போனபோதுதான் அந்தப் பலகைகளைப் பார்த்தேன். இஸ்ரேலில் இருந்து மலை ஊர்களைத் தேடி வரும் பிள்ளைகளுக்காக, அவர்கள் மொழியான ஹீப்ருவிலேயே கடைகளில் எழுதி வைத்திருந்தார்கள். நல்ல கூட்டம். போடிக்கு மேலே குரங்கணியில் எங்களுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. விடுவேனா? போனில் படம் பிடித்து வந்து, அதேபோல ஒரு பலகை எழுத வைத்து வாசலில் மாட்டினேன்.

"வர்றது பூராம் நம்ம ஜீப்பு டிரைவருக. இத யாரு வாசிக்கப் போறா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒருநாள் முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தாள். பலகையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. எங்கள் ஹீப்ரு எழுத்தே கண்ணில் படாத ஊரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மலைப் பாதைக்குத் திரும்பினாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "பலகையக் கழட்டிர்றேன் ஆத்தா. வெறும் வயித்தோட மல ஏறாத" என்று தமிழிலேயே அதட்டி, கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தோசை சாப்பிட்டாள். ஏலக்காய் டீ இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சொன்னபடி ஸ்டூல் போட்டுப் பலகையைக் கழற்றப் போனேன். அவள் எழுந்து வந்து தடுத்தாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு, பலகைக்குக் கீழே போய் நின்றாள். படம் எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

இப்போது அந்தப் பலகை வாசலில் இல்லை. தூக்கியும் போடவில்லை. கடைக்கு உள்ளே சுவரில் மாட்டியிருக்கிறேன். ரோட்டில் போகிறவர்களுக்கு அது தெரியாது. உள்ளே வந்து, சாப்பிட்டு நிமிர்ந்தால் தெரியும்.