போதும் என்று சொல்லாத மதினி

அந்தப் பெட்டி ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். முகப்பில் வரிசையாகத் திருகுகள், பின்னால் கொத்தாக ஒயர்கள். மதினியின் அடிவயிற்றிலும் கணுக்காலுக்கு மேலும் குத்தியிருந்த மெல்லிய ஊசிகளில் கிளிப் மாட்டிவிட்டு, அக்குபங்சர் டாக்டரம்மா திருகை மெல்லத் திருப்பினார். “கரண்ட் இழுக்கும். போதும்னு தோணினதும் சொல்லுங்க.” மதினி சொல்லவே இல்லை. கால் சதை வெட்டி வெட்டித் துடித்தது. முகம் மட்டும் அசையவில்லை. டாக்டரம்மாவே பதறித் திருகைப் பின்னுக்குத் திருப்பி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். “இன்னும் தாங்கலாமேன்னு பார்த்தேன்” என்றாள் மதினி.

மதினி என் அண்ணன் மனைவி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. மாதவிலக்கு வந்தால் ஆபீஸ் கழிவறையில் சுருண்டு கிடந்துவிட்டு, முகம் கழுவி வந்து மறுபடியும் பில் அடிப்பாளாம். வீட்டில் என் அம்மா, “பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்” என்பதோடு முடித்துக்கொள்வாள். பிள்ளையில்லாத மருமகளுக்கு அதற்கு மேல் பேச வாயேது? ஆபீசில் யாரோ சொல்லித்தான், வீட்டுக்குத் தெரியாமல் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். வைத்தியம் கேட்டது. அந்த மாதம் உட்கார்ந்து சோறு தின்றாள், அதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார்: வலிதான் குறைந்திருக்கிறது, உள்ளே என்னவென்று தெரியாது, ஸ்கேன் எடுங்கள். வெளியே வந்ததும் மதினி சிரிப்பாள். “எடுத்தா ஏதாவது இருக்கும்ளா. இருந்தா உங்கம்மை என்னைய மாப்பிள்ளையூரணிக்கே வண்டி ஏத்திருவா.” அதுதான் அவள் பிறந்த ஊர்.

பிறகு ஒரு மாதம் ஊசிக்கும் அடங்காத வலி. காய்ச்சலோடு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் சமைத்து முடித்து, அடுப்படியிலேயே விழுந்தாள். கருப்பைக்குப் பக்கத்தில் இருந்த கட்டி உடைந்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் ஆறவில்லை. அவளிடம் யார் கேட்டார்கள்?

இப்போது, பல வருஷம் கழித்து, அதே அக்குபங்சர் அறையில், மாதவிலக்கு வலியோடு கட்டிலில் என் மகள். ஸ்கேன் எடுத்து, பெரிய டாக்டரிடம் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கூட்டிவந்தேன். பெட்டி புதிது, திருகு அதே மாதிரிதான். டாக்டரம்மா அதைத் தொட்டுத் திருப்பியதுமே, “போதும் டாக்டர், வலிக்கு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவர் உடனே குறைத்தார்.

வெளி பெஞ்சில் இருந்த அம்மா, “இதுக்கே இந்தக் கத்து கத்துதா பாரு” என்றாள்.

“கத்தட்டும்மா” என்றேன்.