செப்டெம்பர் ஒன்பது வராத ஆண்டு

பிரித்தானியாவை இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் ஆண்ட காலத்தில், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டாம் ஆண்டின் செப்டெம்பர் மாதத்தில், பதினொரு நாட்கள் வரவேயில்லை. இரண்டாம் திகதி படுக்கைக்குச் சென்ற மக்கள் விடிந்து எழுந்தபோது திகதி பதினான்காக இருந்தது. அவர்களுடைய பழைய நாட்காட்டி பின்தங்கிப் போயிருந்தமையால், நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அந்நாட்களை நீக்கிவிட்டது. இச்செய்தியை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது, சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், தொலைபேசி வழியாக என் தாய்மாமன் இதனை எனக்கு அறிவித்தார். நீக்கப்பட்ட நாட்களுள் ஒன்று செப்டெம்பர் ஒன்பது. அது என் பிறந்தநாள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி, லண்டனில் வாழ்ந்தார். குடியுரிமைத் தேர்வுக்காகப் பிரித்தானிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கியவர், தேர்வில் தேறிய பின்னரும் படிப்பை நிறுத்தவில்லை. அந்நாட்டு மன்னர்களைப் பற்றி அவர் பேசினால், ஒன்றுவிட்ட பெரியப்பாக்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். "மச்சான் இன்னும் கொஞ்சம் படிச்சால் அரண்மனையில பங்கு கேப்பான்" என்பார் அப்பா.

அம்மா யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது மாமாவுக்குப் பதின்மூன்று வயது. அதன் பின்னர் பதினெட்டு ஆண்டுகளாக, ஒரு பிறந்தநாளுக்கேனும் இருவரும் நேரில் கண்டதில்லை. எங்கள் சமையலறைச் சுவரில், வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் படம் தொங்கியது. தொலைபேசியில் கேட்ட கனத்த குரல் அந்தப் பையனுடையது என்பதை நான் எவ்விதச் சிரமமும் இன்றி நம்பியிருந்தேன்.

அந்த மாமா என் பிறந்தநாளுக்கு வருவதாக வாக்களித்திருந்தார். நான் அதை வகுப்பு முழுவதற்கும் அறிவித்தும் விட்டேன். ஆனால் செப்டெம்பர் பிறந்ததும் அம்மா அவரோடு நெடுநேரம் தாழ்ந்த குரலில் கதைத்தார். பின்னர் அப்பாவிடம், "பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரேல்லையாம்" என்றார். பெரியவர்களின் அலுவல் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்குள் தொலைபேசி என்னிடம் வந்தது.

"மருமகள், உமக்கு எப்ப பிறந்தநாள்?"

"ஒன்பதாந் திகதி. உங்களுக்குத் தெரியுந்தானே, மாமா."

"அதிலதான் ஒரு சிக்கல் கிடக்கு" என்று தொடங்கி, ஜோர்ஜ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் காணாமற்போன பதினொரு நாட்களையும் ஒரு வழக்கறிஞரின் ஒழுங்கோடு விளக்கினார். "உங்கட சுவிஸில ஒன்பது வரும்தான். ஆனால் மருமகளின்ர நாளை மாமன்ர ஊர்க் கணக்கிலதான் வைக்கவேணும். அதுதான் முறை."

முறை என்ற சொல் என்னை வீழ்த்தியது. எங்கள் ஆட்களிடம் தாய்மாமன் முறை சிறியதன்று. எனக்குக் காது குத்தியபோது, மடியில் இருத்துவதற்கு மாமா இல்லாமையால் அப்பாவின் நண்பர் ஒருவரின் மடியில் இருத்தினார்கள். அந்தக் குறையை அம்மா ஆண்டுக்கு ஒரு முறையேனும் சொல்லி வருந்துவார். ஆகவே நான் எதிர்வாதம் செய்யவில்லை. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியது.

"அப்ப அந்த வருசம் ஒன்பதாந் திகதிப் பிள்ளையள் என்ன செய்தவை? அழுதவையோ?"

"ஏன் அழுகிறது? பதினாலாந் திகதி அவையின்ர மாமன்மார் பெட்டி நிறையச் சாமானோட வந்திறங்கினவை."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, என் பிறந்தநாள் இவ்வாண்டு பதினான்காம் திகதி சனிக்கிழமை கொண்டாடப்படும் என்று நான் பிரகடனம் செய்தேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"ஏற்கெனவே வாக்கியம் எண்டும் திருக்கணிதம் எண்டும் இரண்டு பஞ்சாங்கத்தை வைச்சுக்கொண்டு, விரதம் எண்டைக்கு எண்டு சண்டை பிடிக்கிற வீடு இது. இப்ப லண்டனில இருந்து மூண்டாவதும் வந்திட்டுதோ?"

"பிள்ளை சொல்லுறது சரிதான். பதினாலுக்கே வைப்பம்" என்றார் அம்மா. எதற்கும் எளிதில் இணங்காத அம்மா இதற்கு உடனே இணங்கியதை, என் வாதத் திறமைக்குக் கிடைத்த வெற்றியாகவே நான் கருதினேன்.

ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை. எங்கள் பள்ளி வழக்கப்படி, பிறந்தநாள் காணும் பிள்ளை காலை இடைவேளைக்கு எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். ஆசிரியை வாழ்த்துப் பாடலைத் தொடங்கிய கணத்தில் நான் எழுந்து நின்று, இன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை என்றேன். அப்படியானால் கேக்கும் இல்லை என்பதை வகுப்பு மெல்ல உணர்ந்தது. பின்வரிசையிலிருந்த ஒருவன், நான் கேக்கை மறந்துவிட்டு ஒரு மன்னர் மீது பழி போடுவதாகக் குற்றஞ்சாட்டினான். நான் ஜோர்ஜ் மன்னரின் சார்பில் நின்று வாதாடினேன். ஆசிரியை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

மறுநாள் அவர் ஒரு தடித்த நூலோடு வந்தார். "உன் மாமா சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அவர் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்" என்றார். எங்கள் சூரிச் மாநிலத்தவரும் ஒரு காலத்தில் டிசம்பர் முப்பத்தொன்றில் படுத்து ஜனவரி பன்னிரண்டில் எழுந்தவர்களாம்; அதுவும் ஆங்கிலேயருக்கு அரை நூற்றாண்டு முன்னரே. அப்பன்செல் மலைக் கிராமம் ஒன்றில் இன்றும் சிலர், பழைய கணக்கை விட மனமின்றி, ஜனவரி பதின்மூன்றில் மணி கட்டி முகமூடி அணிந்து புத்தாண்டு பாடுகிறார்களாம். அதற்கு மறுநாள் எங்களுக்குத் தைப்பொங்கல் என்று நான் சொன்னேன். ஆசிரியை அதைத் தம் நூலின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மாலையில் மாமா அழைத்தபோது நான் முந்திக்கொண்டேன். "மாமா, உங்கட லண்டன் ஐம்பது வருசம் லேட். நாங்கள் எப்பவோ செய்து முடிச்சிட்டம்."

மாமா உரக்கச் சிரித்தார். "மணிக்கூடு செய்யிற சனத்தோட மோதினது என்ர பிழைதான். கொம்மாட்ட குடும் போனை. அக்கா, வந்திட்டுது. சனி காலமை வாறன்."

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே அப்பாவைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் கத்தரிக்காய் கருகியது. அன்றைய கறியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

விமான நிலையத்தில் நான் நீலக் காற்சட்டைப் பையனைத் தேடிக்கொண்டிருக்கையில், வழுக்கைத் தலையும் தொப்பையும் உடைய ஒருவரை நோக்கி அம்மா ஓடினார். அவருடைய தலையை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார்.

"தலைமயிர் எங்கையடா?"

"விசாக் கந்தோரில வாங்கி வைச்சிட்டாங்கள், அக்கா" என்றார் அவர். அந்தக் குரலைக் கொண்டுதான் அவர் மாமா என்று நான் ஏற்றுக்கொண்டேன். பெட்டி நிறையச் சாமான் இருந்தது. வரலாறு பொய்க்கவில்லை.

அன்று மாலை, மாமாவின் மடியில் இருந்தபடி ஒன்பது மெழுகுதிரிகளையும் நான் ஒரே மூச்சில் ஊதி அணைத்தேன். அதன் பின்னர் அம்மா ஒரு செயல் செய்தார். அந்தத் திரிகளில் ஒன்றை மீண்டும் கொளுத்தி, மாமாவின் முன்னே கேக்கில் குத்தி, "ஊது" என்றார். மாமா ஊதினார்.

"பதினாலு" என்றார் அம்மா.

அதே திரியை மறுபடியும் கொளுத்தினார். மாமா ஊதினார். "பதினைஞ்சு." அடுத்து "பதினாறு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாம் திகதிக்குப் பின் பதினான்கு, அதற்குப் பின் பதினைந்து: அம்மாவும் ஜோர்ஜ் மன்னரின் மாதத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். நான் கைதட்டி அவரோடு சேர்ந்து எண்ணினேன். இருபதைத் தாண்டியபோது மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், திரியின் புகையாயிருக்கும். அப்பா தட்டுகளை எடுக்கப் போய், நெடுநேரம் திரும்பி வரவில்லை. உருகிய மெழுகு கேக்கின் மேல் சொட்டியதைக் கூட அம்மா கவனிக்கவில்லை. இருபத்தொன்பது. முப்பது. நான் கடைசிக் கைதட்டலைத் தட்டி முடித்தேன்.

அம்மா மீண்டும் திரியைக் கொளுத்தினார். மாமா ஊதினார்.

"முப்பத்தொண்டு" என்றார் அம்மா.

"செப்டெம்பரில முப்பத்தொண்டு இல்லையம்மா" என்று நான் திருத்தினேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்களின் பிழையைத் திருத்திய பெருமிதத்தோடு, மெழுகு விழாத பக்கத்திலிருந்து மிகப் பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.